பாறை அறிவும் பொதுச் சொத்தே

புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி, திருப்பூண்டி, திட்டச்சேரி. டெல்டாக்காரர்களுக்கு இவை பேருந்துப் பலகையில் தினமும் பார்க்கும் ஊர்ப் பெயர்கள். பெட்ரோலிய நிலவியலாளர்களுக்கோ இவை தரைக்கு அடியில் புதைந்து கிடக்கும் பாறை அடுக்குகளின் பெயர்கள். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள், தாங்கள் கண்ட அடுக்குகளுக்கு அந்தந்த வட்டாரத்து ஊர்களின் பெயர்களையே சூட்டினார்கள். அப்படிப் பெயர் சூட்டும் அளவுக்கு நம் காலடி நிலத்தை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவின் பெரும்பகுதி பொதுப் பணத்தில் சேர்ந்தது. ஆனால் நன்னிலத்தில் படிக்கும் ஒரு மாணவி, 'நன்னிலம்' பாறையின் துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் எங்கே போவார்? எண்ணெய் தேடல் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் விவாதம் 'துளையிடலாமா, கூடாதா' என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நிலத்தடிப் பாறைகளைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம்? அது பொதுச் சொத்து. எண்ணெய் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த அறிவைச் சேர்ப்பதும் காப்பதும் திறந்துவைப்பதும் அரசின் கடமை.

இந்த அறிவு எதனால் ஆனது என்பதை முதலில் பார்க்கலாம். எண்ணெய் பூமிக்கடியில் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதில்லை. மணல்மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளிலும் பாறை விரிசல்களிலும் அது தங்கியிருக்கிறது. அது உருவாகவும் நிலைக்கவும் பல நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். முதலாவது, மூலப்பாறை: கடலடியிலோ ஏரியடியிலோ உயிர்வளி குறைந்த சேற்றில் நுண்ணுயிர்களும் தாவர மிச்சங்களும் அழுகிக் கரையாமல் புதைந்து களிப்பாறையாக இறுகியிருக்க வேண்டும். அது போதிய ஆழத்தில் அமிழ்ந்து ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தால் எண்ணெய் பிறக்கும். வெப்பம் அதைத் தாண்டினால் எரிவாயுதான் மிஞ்சும். அடுத்தது தேக்கப்பாறை: பிறந்த எண்ணெய் வந்து தங்குவதற்கு இடைவெளி நிறைந்த மணற்பாறையோ சுண்ணாம்புப் பாறையோ அருகில் வேண்டும். அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருக்கவும் வேண்டும். இல்லையேல் எண்ணெய் இருந்தாலும் கிணற்றுக்கு வந்து சேராது. அதன் மேல் எண்ணெயைக் கசிய விடாத மூடுபாறை வேண்டும். இவை எல்லாம் வளைந்தோ முறிந்தோ ஒரு பொறியாக அமைய வேண்டும். அந்தப் பொறியும் எண்ணெய் நகரத் தொடங்குவதற்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பல கோடி ரூபாய் செலவழித்த கிணறு வறண்ட கிணறுதான். ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு படிவுப்பாறை எங்கே, எந்த நீரில், எந்தக் காலத்தில், எப்படிப் படிந்தது என்ற கேள்வியாகவே முடிகிறது. ஆற்று மணலா, கழிமுக மணலா, ஆழ்கடல் சரிவில் சேற்றோடு புரண்டு வந்த மணலா என்று தெரிந்தால்தான் அது எத்தனை மைல் நீளும், எங்கே மெலிந்து மறையும் என்று ஊகிக்க முடியும்.

நில அதிர்வலை ஆய்வும் கணினியும் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கும் வேலை எதற்கு என்று கேட்கலாம். அதிர்வலைகள் நிலத்தடி அடுக்குகளின் வடிவத்தைக் காட்டுகின்றன. சில சமயம் அவற்றுள் இருக்கும் திரவத்தைப் பற்றிய குறிப்பும் தருகின்றன. ஆனால் அந்த அடுக்கு எந்தப் பாறை, எந்த வயதினது, அதன் இடைவெளிகள் திறந்திருக்கின்றனவா அடைபட்டிருக்கின்றனவா என்பதைப் பாறை மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்ய முடியும். எண்ணெய்த் துறையே இதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1920-களில் டெக்சஸில் கடற்கரைச் சமவெளி முழுவதும் கிணறுகள் பெருகின. சுழலும் துளைமுனையில் அரைபட்டுச் சிப்பிகளும் சங்குகளும் தூளாகிவிட்டதால் அடுக்குகளின் வயதைக் கண்டறிய வழி தெரியவில்லை. அரைபடாமல் தப்பியவை, ஃபொராமினிஃபெரா எனப்படும் மணல்மணி அளவிலான ஒருசெல் உயிரிகளின் ஓடுகள். அவற்றைக் கொண்டு அடுக்குகளை அடையாளம் காணலாம் என்று எஸ்தர் ஆப்ளின் சொன்னபோது பேராசிரியர்களிடமிருந்து ஏளனமே பதிலாக வந்தது. அவரும் ஆல்வா எல்லிசரும் ஹெட்விக் நைக்கரும் வெவ்வேறு எண்ணெய் நிறுவனங்களில் பணியாற்றியவர்கள். 1925-இல் மூவரும் சேர்ந்து டெக்சஸ், லூசியானா சமவெளிகளின் நிலத்தடி அடுக்குகளை நுண்ணோடுகளால் இணைத்துக் காட்டிய கட்டுரையை வெளியிட்டனர். அதன் பிறகு நுண்புதைபடிவ ஆய்வகம் இல்லாத பெரிய எண்ணெய் நிறுவனமே இல்லை என்றாயிற்று. போட்டி நிறுவனங்களின் கிணறுகளை ஒரே வரைபடத்தில் சேர்த்ததால்தான் அந்தக் கட்டுரை சாத்தியமாயிற்று. ஒரு கிணறு தன்னைப் பற்றி மட்டுமே பேசும். பல கிணறுகள் ஒன்று சேரும்போதுதான் படுகை பேசும். பாறை அறிவு பகிரப்படும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பலன் கூடுகிறது என்பதற்கு அதுவே ஆரம்பகாலச் சான்று.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் வாய்த்திருக்கும் வசதி பலருக்குத் தெரியாது. காவிரிப் படுகையின் பெரும்பகுதி வண்டலுக்கும் கடலுக்கும் அடியில் மறைந்திருக்கிறது. ஆனால் அதன் மேற்கு விளிம்பில், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அடுத்த திருச்சி மாவட்டப் பகுதிகளிலும், அதே காலத்துப் பாறைகள் தரைமட்டத்துக்கு மேலேயே தெரிகின்றன. இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த கோண்ட்வானாப் பெருநிலம் பிளந்தபோது இந்தப் படுகை உருவானது. தெரணியின் களிமண்ணில் அந்தத் தொடக்கக் காலத்து இலைப் பதிவுகள் உள்ளன. பிறகு கடல் உள்ளே வந்தது. கல்லக்குடிச் சுண்ணாம்புப் பாறை பவளங்களும் பாசிகளும் சேர்ந்து கட்டியது. காரை கிராமத்தருகே மழைநீர் அரித்துச் செதுக்கிய செந்நிறக் களிமண் மேடுகளில் ஜிப்சக் கீற்றுகளுக்கு நடுவே அம்மோனைட் சுருள்கள் கிடக்கின்றன. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான மரம் கல்லாகிக் கிடக்கிறது. காரையின் களிப்பாறையும், கிழக்கே கடற்கரையோர ஆழ்கிணறுகளில் சாத்தப்பாடி என்ற பெயரில் அறியப்படும் களிப்பாறையும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. சாத்தப்பாடிக் களிப்பாறையும் அதற்குக் கீழுள்ள ஆண்டிமடம் அடுக்கும் இந்தப் படுகையின் முக்கிய மூலப்பாறைகளாகக் கருதப்படுபவை. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் சில அங்குல விட்டத்தில் மட்டும் எட்டிப் பார்க்க முடிகிற ஒரு கடலடியை, காரையில் காலால் நடந்து சுற்றிப் பார்க்கலாம். அடுக்கு எங்கே தடிக்கிறது, எங்கே மணல் நுழைகிறது, எந்த உயிரினம் எந்த மட்டத்தில் மறைகிறது என்பதைக் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள புக் கிளிஃப்ஸ் மலைச்சரிவுகளை உலகெங்கும் உள்ள எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் நிலவியலாளர்களுக்குப் பயிற்சிக்களமாகப் பயன்படுத்துவது இதே காரணத்துக்காகத்தான்.

இந்தப் பாறைகளை முதலில் ஆராய்ந்தவர்கள் எண்ணெயை மனத்தில் வைத்து ஆராயவில்லை. 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளிலிருந்து சேகரித்து அனுப்பப்பட்ட புதைபடிவங்களை விவரித்தார். இந்திய நிலவியல் ஆய்வகத்தின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை நடந்து அளந்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று தொகுதிகள் இன்றும் பாடநூல்களில் நிற்கின்றன. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து அவற்றின் புதைபடிவ உயிரினங்களைத் தொகுத்தார். 1936-இல் மைசூரின் எல்.ராமராவ், ஆஸ்திரிய அறிஞர் ஜூலியஸ் பியாவுடன் சேர்ந்து நின்னியூர்ப் பாறைகளின் பாசிப் படிவங்களை வெளியிட்டார். 1956-இல் ஓ.என்.ஜி.சி. தோன்றி, அடுத்த பத்தாண்டில் காவிரிப் படுகையில் துளையிடத் தொடங்கியபோது, அடுக்குகளின் வயதுக்கும் வரிசைக்கும் அவர்களுக்குக் கிடைத்த அளவுகோல் இந்த நூறாண்டுப் பழைய அறிக்கைகளே. அப்படியும் வணிக அளவில் எண்ணெய் கிடைக்க 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நரிமணமும் கோவில்களப்பாலும் கமலாபுரமும் அதன் பிறகே எண்ணெய் வரைபடத்தில் ஏறின; 1993-இல் நரிமணத்தில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. சமதளமாகத் தெரியும் டெல்டாவுக்கு அடியில் முகடுகளும் பள்ளங்களும் மாறி மாறி மறைந்திருக்கின்றன என்பதும், மாதானத்தில் போல எண்ணெய் படிவுப்பாறையை விட்டு விரிசல் கண்ட அடித்தளக் கடினப்பாறைக்குள்ளும் குடியேறியிருக்கும் என்பதும் மெல்ல மெல்லத்தான் புரிந்தன. பலன் எப்போது வரும் என்று தெரியாமல் சேர்க்கப்பட்ட அறிவே பலன் தந்தது.

அறிவு போதாமல் அறிவிப்பு முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிருஷ்ணா–கோதாவரிப் படுகை பாடம். 2005-இல் குஜராத் மாநிலப் பெட்ரோலியக் கழகம் அங்கே 20 டிரில்லியன் கன அடி எரிவாயு கண்டதாக அறிவிக்கப்பட்டது. வாயு அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் அது மிகுந்த வெப்பமும் அழுத்தமும் கொண்ட, இடைவெளிகள் இறுகிப்போன மணற்பாறையில் இருந்தது. எவ்வளவு வாயு இருக்கிறது என்பது ஒரு கணக்கு; அதில் எவ்வளவு கிணற்றுக்கு வந்து சேரும் என்பது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கை எழுதுவது பாறையின் ஊடுபுகுதிறன். பெருங்கடன் ஏறிய பிறகு, 2017-இல் அந்தக் களத்தின் 80 சதவீதப் பங்கை ஓ.என்.ஜி.சி. ஏழாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கியது. கைமாறிய இருபுறமும் அரசு நிறுவனங்கள்; ஆகவே பாறையைத் தவறாக மதிப்பிட்டதன் சுமையும் பொதுமக்கள் மீதுதான்.

அதே படுகையின் டி-6 வட்டாரம் இன்னொரு பாடம் தருகிறது. 2002-இல் ரிலையன்ஸ் கண்டுபிடித்த அந்த ஆழ்கடல் வாயுக்களத்தில் 2009-இல் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கோடி கன மீட்டரை எட்டிய உற்பத்தி, அதன் பிறகு சரிந்துகொண்டே போனது. முதன்மையான இரண்டு வாயுக்களங்களும் 2020 தொடக்கத்தில் நின்றுவிட்டன. ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் கிணறு தோண்டாததே காரணம் என்றது அரசு. எதிர்பார்த்ததைவிடச் சிக்கலான நிலவியல், கிணறுகளில் புகுந்த நீரும் மணலும்தான் காரணம் என்றது நிறுவனம். விவகாரம் நடுவர் மன்றம் வரை போனது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமில்லை. ஆழ்கடல் கால்வாய்களில் படிந்த மணல் எப்படி வளைந்து, அறுந்து, தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும் என்பது பாறையைப் பார்த்து விடை காண வேண்டிய கேள்வி. அதைச் சுதந்திரமாக ஆராய்ந்து கருத்துச் சொல்லும் நிலையில் பல்கலைக்கழகங்கள் இருந்திருந்தால், விவாதம் வழக்கறிஞர்களின் கைக்குப் போகும் முன்பே பொதுவெளியில் நடந்திருக்கும். தகவல் ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கும்போது அரசுக்கும் பேரம் பேசும் வலு இல்லை, குடிமக்களுக்கும் கேள்வி கேட்கும் வலு இல்லை.

வேறு வழி உண்டு என்பதை நார்வே காட்டியிருக்கிறது. அங்கே கடலில் துளையிடும் எந்த நிறுவனமும் பாறை மாதிரிகளின் ஒரு பங்கை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கிணற்றின் அடிப்படைத் தரவுகள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பொதுவில் வெளியாகும். ஸ்டாவங்கர் நகரில் உள்ள அரசுக் களஞ்சியத்தில் அரை நூற்றாண்டுக் கிணறுகளின் பாறை உருளைகளை ஆராய்ச்சியாளர்கள் மேசையில் பரப்பிப் பார்க்கலாம். இதனால் நிறுவனங்கள் ஓடிவிடவில்லை. 1960-களிலிருந்து பலர் தேடிக் கைவிட்ட உட்சீரா மேட்டுப் பகுதியை, பின்னால் வந்த ஒரு நடுத்தர நிறுவனம் புதிய கண்ணோடு பார்த்து 2010-இல் யோஹான் ஸ்வெர்ட்ரப் என்ற மாபெரும் எண்ணெய்க் களத்தைக் கண்டது. முன்னவர்களின் தோல்விகள் ஆவணமாக இருந்ததால்தான் பின்னவர்கள் அவற்றிலிருந்து கற்க முடிந்தது. இந்தியாவிலும் சட்டமும் ஒப்பந்தங்களும் தேடலில் கிடைக்கும் தரவை அரசின் உடைமை என்றே சொல்கின்றன. 2017-இல் தேசியத் தரவுக் களஞ்சியமும் தொடங்கப்பட்டது. அது பாராட்டத் தக்க முயற்சி. ஆனால் அதன் முதன்மை நோக்கம் ஏலம் கேட்க வரும் முதலீட்டாளருக்கு உதவுவது. எண்களையும் அலைவரைவுகளையும் கணினியில் ஏற்றிவிட்டால் போதாது. பாறையே கையில் கிடைக்க வேண்டும். இன்றைய கேள்விக்கு விடை சொல்ல நாளைய கருவி அதே பாறையைத்தான் மறுபடி கேட்கும்.

பெட்ரோலின் காலமே முடியப்போகிறது, இப்போது போய் இதற்கு எதற்கு முதலீடு என்பது வலுவான மறுப்பு. இந்தியா 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக உறுதி அளித்திருக்கிறது. எண்ணெய்த் தேவை என்றாவது குறையத்தான் போகிறது. ஆனால் இன்று நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. மாற்றம் நிகழும் பல பத்தாண்டுகளுக்கு எங்கே தேடுவது, எங்கே தேடாமல் விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். வறண்ட கிணறு ஒன்றைத் தவிர்ப்பதும் லாபமே. அதைவிட முக்கியம், பாறை அறிவுக்கு எண்ணெயோடு ஆயுள் முடிவதில்லை. நார்வே 1996 முதல் ஸ்லைப்னர் வாயுக்களத்தில் பிரித்தெடுக்கும் கரியமில வாயுவை ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை கடலடி மணற்பாறைக்குள் செலுத்திப் பூட்டிவைத்திருக்கிறது. அந்த மணற்பாறையையும் அதன் மூடுபாறையையும் முன்பே அறிந்திருந்ததுதான் அதற்கு அடிப்படை. அனல்மின் நிலையங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த தமிழ்நாட்டில் அப்படி ஒரு யோசனை நாளை எழுந்தால், 800 மீட்டருக்குக் கீழே உவர்நீர் நிறைந்த மணற்பாறை எங்கே இருக்கிறது, அதன் மேல்மூடி உறுதியானதா என்ற கேள்விகளே முதலில் வரும். அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யவும் இதே தகவல்தான் தேவை.

நிலத்தடி நீரின் கதையும் இதுதான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள மணற்பாறையில் நீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை வெடித்துப் பொங்காமல் இருக்கும். அந்த நீர் எங்கே மழையாக இறங்குகிறது, எந்த அடுக்கு வழியாக எங்கே போகிறது, கரையோரத்தில் உப்புநீர் எந்த மட்டத்தில் உள்ளே நுழைகிறது என்பவை எல்லாம் படிவுப்பாறைக் கேள்விகள். நிலத்தில் எண்ணெய்க்காகத் தோண்டிய ஒவ்வொரு கிணறும் முதலில் நீரடுக்குகளைக் கடந்துதான் கீழே இறங்குகிறது. மேல் பகுதியைப் பற்றிய பதிவு எண்ணெய் நிறுவனத்துக்கு அவசியமற்றதாக இருக்கலாம். நாகப்பட்டினத்து விவசாயிக்கு அதுதான் அவசியம். பாக் நீரிணைக்கு அப்பாலும் இதே நிலைதான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் எல்லாம் ஒரு சுண்ணாம்புப் பாறையை நம்பி இருக்கின்றன. மன்னார்த் தீவின் பேசாலையில் 1970-களில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011-இல் மன்னார்ப் படுகைக் கடலில் டொராடோ, பராக்குடா என்ற இரு கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. ஒரே பிளவில் பிறந்த படுகைகளை, இடையில் எல்லைக்கோடு போட்டு இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிவைப்பதால் இரு கரையினருக்கும் நஷ்டமே.

டெல்டா விவசாயிகளின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மன்னார்குடி மீத்தேன் திட்டமும் 2017-இல் நெடுவாசல் போராட்டமும் நினைவில் இருப்பவர்களுக்கு, 'வெறும் ஆய்வுதான்' என்ற சொல் துளைக்கருவியின் முன்னறிவிப்பாகவே கேட்கும். அந்த அனுபவத்தின் விளைவாகத்தான் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அப்படியே இருக்கட்டும். இந்தக் கட்டுரை அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அச்சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகள் தொடர்கின்றன. அவற்றின் சுவர்க் குழாய்கள் எந்த அடுக்கைக் கடக்கின்றன, கசிவு ஏற்பட்டால் எந்த நீரடுக்கைப் பாதிக்கும் என்று தெரியாமல் கண்காணிப்பு என்று ஒன்று இருக்க முடியாது. இரண்டாவது, அறியாமை யாருக்கும் பாதுகாப்பு அல்ல. தகவல் பூட்டிக் கிடந்தால் நிறுவனம் சொல்வதை நம்புவது, அல்லது முழுதாக மறுப்பது என்ற இரண்டு வழிகள் மட்டுமே கிராமத்துக்கு மிஞ்சும். திறந்திருந்தால் தங்கள் பக்கத்து நிலவியலாளரை வைத்து எதிர்வாதம் வைக்கலாம். ஆய்வின் மீது அவநம்பிக்கை வளர்ந்தது, முடிவு எடுத்தாயிற்று என்ற நிலையில் ஆய்வைக் காட்டியதால்தான். தகவல் முதலில் வெளியாகி, முடிவு பிறகு வந்தால் இழந்த நம்பிக்கையை மீட்க வாய்ப்பு உண்டு.

நிறுவனங்களின் வணிக ரகசியம் என்ற மறுப்பும் எழும். பணம் போட்டுத் துளையிட்டவருக்கு முதல் பலன் கிடைக்க வேண்டும் என்பது நியாயமே. அதற்காகச் சில ஆண்டுகள் ரகசியம் காக்கலாம். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோண்டி மூடிய கிணற்றின் பாறைத் தூளை யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? காவிரிப் படுகையின் பெரும்பாலான கிணறுகள் பொதுத்துறை நிறுவனம் தோண்டியவை என்பதால் இங்கே ரகசியத்துக்கான வாதம் இன்னும் பலவீனமாகிறது. கடலோரப் பாதுகாப்பு சார்ந்த தகவல்களைத் தனியே பிரித்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் பூட்டுவது சரியல்ல.

அரியலூரின் பாறை முகப்புகளைக் காக்க வேண்டும் என்றால் எழும் மறுப்பு வேறு விதமானது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறையே அந்த மாவட்டத்தின் தொழில். சிமெண்ட் ஆலைகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. பாறையை அருங்காட்சியகமாக்கினால் சோறு யார் போடுவார் என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கிறது. சுரங்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. சொல்லப்போனால் சுரங்கம் வெட்டிய செங்குத்துச் சுவர்களே பல அடுக்குகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து காட்டியிருக்கின்றன. ஆனால் வெட்டி எடுக்கும் முன் பதிவு செய்வதும், அடுக்கு எல்லைகள் தெளிவாகத் தெரியும் சில முகப்புகளை மட்டும் விட்டுவைப்பதும் உற்பத்தியை முடக்கிவிடாது. பதிவில்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. 1980-களின் இறுதியில் கல்லமேடு அடுக்கிலிருந்து விவரிக்கப்பட்ட ப்ருஹத்காயோசாரஸ் என்ற டைனோசர், உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அந்த எலும்புகள் பிறகு சிதைந்து அழிந்தன. இன்று உலக அறிஞர்கள் சில கோட்டோவியங்களையும் மங்கலான படங்களையும் வைத்து வாதிடுகிறார்கள். டைனோசருக்கு நேர்ந்தது சாத்தப்பாடியின் பாறை உருளைக்கும் நேரலாம். அதைப் பற்றிச் செய்தி வராது என்பது மட்டுமே வேறுபாடு.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்த காவிரிப் படுகைக் கிணறுகளின் பாறை உருளைகள், துளைத்தூள், பதிவுகள் ஆகியவற்றைத் தமிழ்நாட்டிலேயே ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் நீர்வளத் துறைக்கும் கட்டணமின்றித் திறக்க வேண்டும். புதிதாகத் தோண்டும் எந்தக் கிணற்றிலும், கடலில் ஆனாலும் நிலத்தில் ஆனாலும், நன்னீர் அடுக்குகளின் பதிவை எடுத்து மாநில அரசிடம் தருவது உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். காரை, கல்லக்குடி, கல்லங்குறிச்சி, நின்னியூர்ப் பகுதிகளில் தேர்ந்தெடுத்த பாறை முகப்புகளைச் சட்டப்படி காக்க வேண்டும். நிலவியல் பாரம்பரிய இடங்களுக்காக 2022-இல் மத்திய சுரங்க அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதா ஒரு தொடக்கப் புள்ளி. மத்திய சட்டத்துக்குக் காத்திருக்காமல், சுரங்க உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே மாநில அரசு இந்த நிபந்தனையைச் சேர்க்க முடியும். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு ஓர் ஆழ்கடல் கிணற்றின் செலவோடு ஒப்பிட்டால் சொற்பம். 26 படிவுப் படுகைகள், 33 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு என்று அரசு தன் எண்ணெய் வாய்ப்பை முதலீட்டாளர்களுக்கு விளம்பரப்படுத்துகிறது. அந்தப் படுகைகளின் மீது வாழும் மக்களுக்கும் அதே வரைபடத்தைக் காட்டுவதுதான் நேர்மை. துளையிடுவதற்கு ஆதரவாக வாக்களிப்பவரும் எதிராக வாக்களிப்பவரும் ஒரே பாறையைப் பார்த்து வாதிடும் நிலை வந்தால், முடிவு எதுவானாலும் அது அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.